கட்டியக்காரனின் வண்டி: பெயரிடுதல் குறித்துச் செஞ்சியிலிருந்து சில குறிப்புகள்

1

பழைய கார் ஒன்றை வாங்கி, துரு சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி ஓட வைக்கிறவர்கள் கடைசியாக ஒரு காரியம் செய்கிறார்கள். அதற்குப் பேர் வைக்கிறார்கள். ராணி, மகாராஜா, இளவரசி, ஏதாவது ஒரு குதிரையின் பெயர், இல்லையென்றால் ஏதாவது ஒரு பெண்ணின் பெயர். ‘அட, காருக்குப் பேர் வைக்கிறதுல என்னய்யா வரலாறு இருக்கு?’ என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. பெயர் என்பது ஒருவகைப் பட்டா. யார் எதற்குப் பெயர் வைக்கலாம், வைத்த பெயரை மற்றவர்கள் வாயால் சொல்லியே ஆகவேண்டுமா, சொல்ல மறுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதிகாரம் பற்றிய கேள்விகள். இந்தக் கேள்விகளை வைத்துப் பார்க்க செஞ்சியைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. திரும்பத் திரும்பப் பெயர் வைக்கப்பட்டு, அத்தனையையும் உதறிப்போட்ட ஊர் அது.

முதலில் காருக்கு வருவோம். நம் நாட்டில் ஓடிய கார்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே ஒரு சமூக வரலாறு கிடைக்கும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்ட் காரை 1954இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயர் ‘லேண்ட்மாஸ்டர்’. நிலத்தின் எஜமான்! மாகாணம் மாகாணமாக ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் வந்துகொண்டிருந்த பத்தாண்டு அது. காகிதத்தில் ஒழிந்த எஜமான் நான்கு சக்கரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த மாடல் ‘அம்பாசிடர்’, அதாவது தூதர். 1957இல் வந்த அந்தப் பெயர் அணிசேரா நாட்டின் வெள்ளைக் கதர்க் கனவுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. 2014இல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்றது. 2017இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் ‘அம்பாசிடர்’ என்ற பெயரை எண்பது கோடி ரூபாய்க்கு வாங்கியது. கவனிக்க: காரை அல்ல, பெயரை. தொழிற்சாலை நின்றபிறகும் பெயருக்கு விலை இருந்தது. அந்தக் காரைச் செய்த தொழிலாளர்களின் பெயர்களுக்கு அப்படி ஒரு விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கிடையாது.

பெயர் யாருடைய சொத்து என்பதை இன்னும் பச்சையாகக் காட்டும் உதாரணங்களும் உண்டு. ‘மெர்சிடஸ்’ என்பது எமில் யெல்லினெக் என்ற பணக்கார வியாபாரியின் மகள் பெயர். எண்ணூரில் 1948இல் தொடங்கிய ‘அசோக் மோட்டார்ஸ்’ என்ற பெயரைக் கேட்டு சாரநாத் தூணை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அசோக் என்பது அதை நிறுவிய ரகுநந்தன் சரணின் மகன் பெயர். பின்னால் ஒட்டிக்கொண்ட லேலண்ட் ஓர் இங்கிலாந்து ஊர். நம் பேருந்துகள் பலவற்றின் முகப்பில் ஒரு முதலாளி மகனும் ஒரு வெள்ளைக்கார ஊரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் போர்டு நிறுவனம் 1955இல் ஒரு புதிய காருக்குப் பெயர் கேட்டுக் கவிஞர் மரியான் மூருக்கு எழுதியது. அவரும் சலிக்காமல் பட்டியல் பட்டியலாக அனுப்பினார். ‘உட்டோப்பியன் டர்ட்டில்டாப்’ என்ற பெயர்கூட அதில் இருந்தது. நிறுவனம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வைத்தது முதலாளி ஹென்றி போர்டின் மகன் எட்செல்லின் பெயரை. 1957இல் வந்த கார் 1959இல் நின்றுபோனது. கவிஞரிடம் பெயர் கேட்பார்கள், வீட்டுப் பிள்ளையின் பெயரை வைப்பார்கள். இது டெட்ராய்ட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.

இதெல்லாம் மேலிருந்து வரும் பெயர்கள். கீழேயிருந்து வந்த பெயர் ஒன்று உண்டு. நம்மூர்க் கிராமங்களில் ரொம்ப காலம் காருக்குப் பேர் ‘பிளசர்’. மூட்டை ஏற்றாத, ஏர் பூட்டாத, சும்மா போய்வருவதற்கென்றே ஒரு வண்டி. ‘மிராசுதார் பிளசர்ல போறாரு’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு அரசியல் பொருளாதாரமே அடங்கியிருந்தது. பிற்பாடு தூயதமிழ்க்காரர்கள் ஆக்கிய ‘மகிழுந்து’ அதே ‘பிளச’ரைத் தமிழாக்கியதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் ரோட்டோரம் நின்று பார்த்தவனின் குரல் அதில் இல்லை. ‘பேருந்து’ ஒட்டிக்கொண்டது, ‘மகிழுந்து’ செய்தித்தாளோடு நின்றுபோனது. எல்லோரும் ஏறுகிற வண்டியின் பெயர் எல்லோர் வாயிலும் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாமா?

2

இனி செஞ்சி. ஊருக்குள் வருகிறவனை முதலில் எதிர்கொள்வது பாறைகள்தான். அந்தப் பாறைகளுக்கு வைக்கப்பட்ட பெயர்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கின்றன. மெக்கன்சி தொகுப்பில் உள்ள நாராயண பிள்ளையின் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ சொல்கிறபடி, கமலகிரியாக இருந்த மலையை ஆனந்தக் கோன் ஆனந்தகிரி என்றார். பின்னால் அது ராஜகிரி ஆனது. கிருஷ்ணக் கோன் பெயரில் கிருஷ்ணகிரி. ஆடு மாடு மேய்த்தவர்கள் ஆண்ட காலத்து நினைவு இன்றும் ஒரு மலைமேல் தங்கியிருக்கிறது.

பிறகு விஜயநகரம், நாயக்கர்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ப் படை வந்து ‘பாதுஷாபாத்’ என்று பெயர் மாற்றியது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். மராட்டியர் வாயில் அது ‘சண்டி’ ஆனது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் பல ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698இல் கோட்டையை எடுத்தார். அவருடைய ‘நுஸ்ரத் ஜங்’ பட்டத்தை வைத்து ஊர் ‘நுஸ்ரத்கட்’ ஆனது. 1750இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் பங்குக்கு ‘கிழக்கின் டிராய்’ என்றார்கள். தங்களுக்குத் தெரிந்த கிரேக்கக் காவியக் கோட்டையின் நகலாக இருந்தால்தான் ஒரு கறுப்பு நாட்டுக் கோட்டைக்கு மரியாதை.

இத்தனை பெயர்களில் எது நின்றது? செஞ்சி. சந்தைக்குப் போனவளும் மாடு ஓட்டியவனும் சொன்ன பெயர் நின்றது. பாதுஷாபாத்தும் நுஸ்ரத்கட்டும் ஆவணங்களில் செத்துக் கிடக்கின்றன. எழுதினவன் கையைவிட அழைத்தவன் வாய்க்கு ஆயுசு ஜாஸ்தி.

இது பழங்கதை அல்ல. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்தது. மகிழ்ச்சிதான். எந்தத் தலைப்பின்கீழ் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்: ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலவெளிகள்’. பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. செஞ்சி மராட்டியர் கையில் இருந்தது 1677 முதல் 1698 வரை, இருபத்தோரு ஆண்டு. ராஜாராம் இங்கிருந்து மராட்டிய அரசைக் காத்தது பெரிய விஷயம், அதை மறுக்க வேண்டியதில்லை. கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூரார், மொகலாயர், நவாபுகள் என்று பல நூற்றாண்டுகள் அந்த இருபத்தொன்றுக்குள் மடித்து வைக்கப்படுகின்றன என்பதுதான் பிரச்சனை. கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் சாதத்துல்லா கான் மசூதியும் வெங்கடரமணர் கோயிலும் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே வந்துவிட்டன. பெயரிடுதல் என்பது நினைவுகூர்தல் மட்டுமல்ல, எதை மறக்கலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டும்கூட.

3

செஞ்சிப் பக்கம் பழைய வண்டிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘தேசிங்கு’ என்பார்கள், இல்லையென்றால் அந்தக் கதையில் வரும் குதிரையின் பெயரைச் சொல்வார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். அப்பன் செத்தபின் கோட்டையை விட்டுக்கொடுக்காமல், பாக்கி கேட்ட ஆற்காடு நவாபு சாதத்துல்லா கானோடு மோதி 1714 அக்டோபரில் செத்துப்போனவர். வயது இருபத்திரண்டு. ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. வடக்கிலிருந்து வந்த தேஜ் சிங்கைத் ‘தேசிங்கு’ ஆக்கியது தமிழ் வாய்தான். கூடவே செத்த முஸ்லிம் நண்பனை அவனுக்குச் சமமாக நிறுத்தியதும் கதைப்பாடல்தான். அரசவைப் புலவன் இதைச் செய்யவில்லை, தெருவில் பாடினவன் செய்தான். இன்றைக்கு இந்த இருவரையும் பிரித்துத் தனித்தனி மதச்சாயம் பூச நினைக்கிறவர்களுக்கு அந்தப் பாட்டுக்காரன் ஒரு தொந்தரவு.

ஆனால் கதைப்பாடலில் குதிரைகளுக்குக்கூடப் பெயர் உண்டு: பாராசாரி, நீலவேணி. தேசிங்கின் மனைவிக்கு? ‘ராணிபாய்’ என்கிறார்கள். ராணி என்பதும் பட்டம், பாய் என்பதும் மரியாதைச் சொல். பெயர் எங்கே? கணவனோடு உடன்கட்டை ஏறிய அந்தப் பெண்ணின் நினைவாக நவாபு பாலாற்றங்கரையில் ஓர் ஊருக்குப் பெயர் வைத்தார் என்பது வழக்கு. அது ராணிப்பேட்டை. அங்கேயும் அவள் பெயர் இல்லை, அவள் வகித்த இடம்தான் இருக்கிறது. எரிந்துபோனதற்குக் கிடைத்த பரிசிலும் அவள் பெயரிலியாகவே இருந்தாள்.

இந்த இடத்தில் நம் பழைய கார் மறுபடி வருகிறது. பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் பியட் 1100 காரை இங்கே செய்துவந்தது. பியட்டின் பெயரை விடவேண்டி வந்தபோது 1970களின் தொடக்கத்தில் முதலில் ‘பிரீமியர் பிரசிடெண்ட்’ என்றார்கள். பிறகு 1974இல் ‘பிரீமியர் பத்மினி’. அதே என்ஜின், கிட்டத்தட்ட அதே கூடு. பதவியின் பெயர் போய்ப் பெண்ணின் பெயர் வந்தது. எந்தப் பெண்? சித்தூர் ராணி பத்மினி. 1303இல் அலாவுதீன் கில்ஜி சித்தூரைப் பிடித்தபோது கூடவே இருந்த அமீர் குஸ்ரோவின் எழுத்தில் அப்படி ஒருத்தி வரவில்லை. 1540இல், இருநூறு ஆண்டுகளுக்குமேல் கழித்து, மாலிக் முகமது ஜாயசி என்ற சூபிக் கவிஞரின் ‘பத்மாவத்’தில்தான் அவள் வருகிறாள். காமசாஸ்திரக்காரர்கள் பெண்களை நான்கு ஜாதியாகப் பிரித்ததில் உயர்ந்த ஜாதியின் பெயரும் பத்மினிதான். ஆக அந்தக் காரின் பெயரில் இரண்டு ஆண் பார்வைகள் சேர்ந்திருக்கின்றன: தரம் பிரித்து வாங்கத்தக்க பெண், மானத்துக்காக எரியத்தக்க பெண். இரண்டுமே சொத்துதான், ஷோரூமில் நிறுத்த வசதியான பெயர்.

‘பேர்தானே, இதுக்குப் போய் இவ்வளவா?’ என்று கேட்பவர்கள் 1987ஐ நினைத்துப் பார்க்கட்டும். ராஜஸ்தானின் தேவராலாவில் ரூப் கன்வர் என்ற பதினெட்டு வயதுப் பெண் சிதையில் எரிந்த வருஷம் அது. அதன்பின் வந்த சட்டம் சதியை மட்டுமல்ல, சதியைப் போற்றுவதையும் குற்றமாக்கியது. ஏன்? போற்றும் சொல் முதலில் வரும், நெருப்பு பின்னால் வரும் என்பதால். 2018இல் ‘பத்மாவதி’ என்ற சினிமா கடைசி எழுத்தின் கொம்பு உடைந்து ‘பத்மாவத்’ ஆகத்தான் வெளிவர முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் சும்மா கிடக்கிற சாமான் இல்லை.

செஞ்சி மண்ணிலேயே இதற்கு ஒரு மாற்றுக் கதையாடல் உண்டு என்பதுதான் விசேஷம். பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரித் திரௌபதி கோயில்தான் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயில் என்பது வழிபடுவோரின் நம்பிக்கை. 1988இல் வெளிவந்த ஆல்ப் ஹில்டெபைடலின் ஆய்வு செஞ்சியில்தான் தொடங்குகிறது. இங்கே பெண்ணும் நெருப்பும் சந்திக்கும் விதமே வேறு. திரௌபதி நெருப்பில் பிறந்தவள். எரிந்துபோவதில்லை. தன்னை அவமானப்படுத்தியவன் ரத்தம் காணாமல் கூந்தல் முடிய மறுத்தவள். ஊர் சனம் அவள் பேரைச் சொல்லித் தீ மிதித்து அந்தப் பக்கம் உயிரோடு ஏறி வருகிறது. அரண்மனை மரபில் பெண் நெருப்புக்குள் போய் முடிகிறாள், சனங்களின் மரபில் நெருப்பிலிருந்து வருகிறாள். எந்த மரபிலிருந்து பெயர் எடுக்கிறோம் என்பது அழகியல் கேள்வி மட்டும்தானா?

4

செஞ்சியைப் பற்றிய வழிகாட்டிப் புத்தகங்கள் பெரும்பாலும் ‘மூன்று மலைகள்’ என்று தொடங்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நான்காவதாக ஒரு சின்ன மலையும் இருக்கிறது. பேர்: சக்கிலி துர்க்கம். ராஜாவுக்கு ஒரு கிரி, கிருஷ்ணனுக்கு ஒரு கிரி, சந்திரனுக்கு ஒரு கிரி. செருப்புத் தைத்தவன் பெயர் ஒட்டிய மலையோ கணக்கில் வருவதே அபூர்வம்.

குதிரைப்படை என்று பெருமை பேசுகிறோம். சேணம் யார் செய்தது? கடிவாளத்து வார், தண்ணீர் சுமந்த தோல் பை, கவலை இறைத்த சால், போர்ப் பறையின் தோல் இதெல்லாம் யார் கை? தோல் பதனிட்டவன் கை இல்லாமல் தேசிங்கு குதிரைமேல் உட்கார்ந்திருக்க முடியாது. பாட்டில் குதிரைக்குப் பெயர் உண்டு. சேணம் தைத்தவனுக்கு இல்லை. மலைக்குக் கிடைத்ததும் ஒரு ஆளின் பெயரல்ல, வசையாகப் புழங்கும் சாதிப்பெயர்.

ராணிப்பேட்டைக்கு மறுபடி போங்கள். உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகப் பெயர் பெற்ற ஊர் இன்று எதற்குப் பேர் போனது? தோல் பதனிடும் தொழிலுக்கு. மூடப்பட்ட ஒரு குரோமியத் தொழிற்சாலை விட்டுப்போன கழிவுக் குவியல் நிலத்தடி நீரை நஞ்சாக்கிய கதை சூழல் ஆர்வலர்களுக்குத் தெரியும். 2019இல் அது தனி மாவட்டமாகவும் ஆனது. பெயரில் ராணி இருக்கிறாள், பாலாற்று நீரில் குரோமியம் இருக்கிறது, சுண்ணாம்புத் தொட்டியில் கையை விட்டு நின்றவன் மட்டும் எங்கும் இல்லை. பழைய காருக்கு அசல் தோல் சீட் போட்டதாகப் பெருமைப்படுகிறவர்கள் அந்தத் தோலின் ஊரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

5

சொந்தக் காருக்கு என்ன பேர் வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் கத்தியெடுக்க மாட்டான். பொது வண்டிக்கு வைத்தால் எடுப்பான். 1972இல் தமிழக அரசு போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியபோது பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று ராஜாக்களிலிருந்துதான் ஆரம்பித்தது. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். செஞ்சிச் சனம் இருபது ஆண்டுகளுக்குமேல் பெரியார் பேர் எழுதிய பஸ்ஸில் மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போய்வந்தது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. பெரியாரும் பஸ்ஸில் எல்லோரும் ஏறவேண்டும் என்றுதான் சொன்னார்.

1997இல் தெற்கே ஒரு புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் படையில் நின்று செத்த தேவேந்திரகுலத்து வீரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. அரசு கண்டுபிடித்த தீர்வு என்ன? எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் போனது. 1993இல் ‘விழுப்புரம் இராமசாமி படையாட்சியார்’ ஆகப் பிறந்த நம் மாவட்டம் வெறும் விழுப்புரம் ஆனது. பெரியார் போனார், அம்பேத்கர் போனார், கூடவே சேர சோழ பாண்டியரும் போனார்கள். ஒரு தலித் வீரனின் பெயரை வாயால் சொல்லமாட்டேன் என்ற பிடிவாதத்தைத் தட்டிக்கேட்பதற்குப் பதிலாக அத்தனை பலகையையும் அழித்தார்கள். பெயரற்ற சமத்துவம் என்று இதற்குப் பெயர் சொல்லலாம். ஆனால் சாதி பலகையில் இல்லை, மனசில் இருந்தது. அது அங்கேயே இருக்கிறது.

பெயருக்காகச் சாவது ஒருபுறம் சாதிவெறி. இன்னொருபுறம்? 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் எழுபத்தாறு நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். கோரிக்கைகளில் முதன்மையானது, இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது. 1967இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 1969 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் தங்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மெட்ராஸ் காலத்துப் பதிவு ‘எம்’மில் தொடங்கும், பின்னால் வந்தவை ‘டி’யில் தொடங்கும். அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் ஒரு கிழவனின் பட்டினி இருக்கிறது. காரின் உண்மையான வரலாற்றுப் பெயர் சிலசமயம் நம்பர் பிளேட்டில்தான் இருக்கிறது.

6

சரி, அப்ப என்னதான் பேர் வைக்கறது? பேரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெயரை அழிப்பது எங்கே கொண்டுபோய் விட்டது என்று 1997 காட்டிவிட்டது. ஆயுத பூஜையன்று சக்கரத்துக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கும் டிரைவர்கள் கண்ணாடியில் அம்மா பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுதிக்கொள்கிறார்கள். அது உழைப்போடும் கடனோடும் பயத்தோடும் வந்த பெயர். மெர்சிடஸ் போலவே அதுவும் ஒரு பிள்ளையின் பெயர்தான். ஆனால் அங்கே பெயரை வைத்து வண்டி விற்கிறான் ஒருவன், இங்கே வண்டியை ஓட்டி அந்தப் பெயருக்குரிய பிள்ளையை வளர்க்கிறான் இன்னொருவன். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலையில் 1961 முதல் சுமார் பத்தாண்டு ஒரு கார் செய்தார்கள். தமிழ்த் தொழிலாளர் கையால் பூட்டப்பட்ட கார். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அது, இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு என்றால் யார்? அரசன் வருகிறான் என்று முன்னால் வந்து அறிவிக்கிறவன். செஞ்சி வட்டாரத்தில் கூத்துப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் அவனைத் தெரியும். கட்டியக்காரன்.

அவன்தான் முதலில் மேடைக்கு வருகிறவன். திரைக்குப் பின்னால் ராஜா ஆடம்பரமாகத் தன் பெருமை சொல்ல, ‘அது சரி, நீ யாரு?’ என்று கேட்கிறவனும் அவனே. துரியோதனனுக்கும் கட்டியம் கூறுவான், அவன் கிரீடத்தையும் கிண்டலடிப்பான். ராஜாவுக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று சனத்தின் பேச்சில் பேசுகிறவன். ஐரோப்பிய ஹெரால்டு அரசனுக்கு மட்டும் ஊதினான். நம் ஆள் ஊதிக்கொண்டே ஊசியும் குத்துவான். ஆலையில் அச்சடித்த பெயர் அப்படியே தமிழில் இறங்கும்போது அதன் அதிகாரம் தலைகீழாகிறது.

பொருத்தமான பெயர் என்பது இப்படித்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஆண்டவனின் பட்டத்தை இரவல் வாங்கி வண்டியில் ஒட்டுவதில் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. அந்த வேலையை பீஜப்பூர்த் தளபதியும் மொகலாயத் தளபதியும் செய்து பார்த்துவிட்டார்கள், மலை அசையவில்லை. வண்டியில் ஏற்கனவே இருக்கும் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இறக்கிவிடப்பட்டார்கள் என்று கேட்க வேண்டும். பத்மினி வைத்திருப்பவர் அவளை எரியாத ஒருத்தியாக, திரௌபதியாக, அழைத்துப் பார்க்கட்டும். லேண்ட்மாஸ்டர் கிடைத்தவர் அதைக் குத்தகைக்காரன் என்று கூப்பிடட்டும். ஹெரால்டு இருந்தால் கட்டியக்காரன். செஞ்சித் தெருவில் பத்துப் பேர் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னால் அது நிற்கும். சொல்லாவிட்டால் நுஸ்ரத்கட் போன வழியில் அதுவும் போகும்.